மடற்குழுவில் லூப்: தாவல் வரம்பைக் குறைத்தால் போதுமா?

17 ஜனவரி 2023, கேள்வி

பாலக்கோட்டிலிருந்து எழுதுகிறேன். எங்கள் பள்ளி முன்னாள் மாணவர் மடற்குழுவை நான்தான் பார்த்துக்கொள்கிறேன், 112 பேர் இருக்கிறார்கள், குழு முகவரிக்கு ஒரு மடல் போட்டால் எல்லாருக்கும் போகும். போகி அன்று காலையில் ஒருவர் வாழ்த்து போட்டார். மதியத்துக்குள் குழுவில் 340 மடல். எல்லாமே ஓசூரில் வேலை செய்யும் இரண்டு பேருடைய தானியங்கி பதில்கள். 'விடுமுறையில் இருக்கிறேன், 18-ஆம் தேதி வருவேன்' என்று இவர் அவருக்கும் அவர் இவருக்கும் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். சர்வரில் போஸ்ட்ஃபிக்ஸ் என்ற மடல் மென்பொருள் ஓடுகிறது. அதில் தாவல் வரம்பு 50 என்று இருந்ததை 15 ஆகக் குறைத்துவிட்டேன். இனி லூப் வராதுதானே அண்ணா?

17 ஜனவரி, இரவு 10.15

வரும் தம்பி. அந்த வரம்பை இன்று இரவே பழையபடி 50 ஆக்கிவிடுங்கள், மற்றதை அப்புறம் பேசலாம்.

தாவல் வரம்பு எதை எண்ணுகிறது என்று பாருங்கள். ஒரு மடல் ஒரு சர்வரைக் கடக்கும்போதெல்லாம் அந்தச் சர்வர் மடலின் தலையில் 'ரிசீவ்ட்' என்று ஒரு வரி எழுதும். சுங்கச்சாவடிச் சீட்டு மாதிரி. சீட்டுகள் அளவுக்கு மீறிச் சேர்ந்தால், மடல் எங்கேயோ சுற்றிக்கொண்டிருக்கிறது என்று முடிவு கட்டிச் சர்வர் அதைத் திருப்பி அனுப்பும். போஸ்ட்ஃபிக்ஸில் 50, அதே வேலை செய்யும் சென்ட்மெயிலில் 25, எக்ஸிமில் 30 என்று ஆரம்பத்தில் இருக்கும். இணைய விதிகளை எழுதி வைக்கும் ஆவணங்களை ஆர்எஃப்சி என்பார்கள். 2008-இல் வந்த ஆர்எஃப்சி 5321, இந்த வரம்பைத் தாராளமாக வைக்க வேண்டும், வழக்கமாகக் குறைந்தது 100 என்கிறது.

உங்களுக்கு நடந்தது வேறு. தானியங்கி பதில் என்பது புத்தம்புதிய மடல். அதன் தலையில் ஒரு சீட்டும் இருக்காது. பூஜ்யத்திலிருந்து கிளம்பி, நான்கைந்து சர்வர் கடந்து, குழுவுக்கு வந்து, அடுத்தவர் பெட்டியில் விழுந்ததும் அதன் ஆயுள் முடிந்தது. அங்கே பிறக்கும் பதில் மறுபடி பூஜ்யத்திலிருந்து கிளம்பும். ஆக, எத்தனை சுற்று சுற்றினாலும் எந்த ஒரு மடலும் 15-ஐ எட்டப்போவதில்லை.

15 வைத்தால் சாவது நல்ல மடல்கள்தான். பெரிய கம்பெனிகளில் உள்ளேயே மூன்று நான்கு சர்வர், அப்புறம் வைரஸ் சோதனை, அப்புறம் வெளி வாசல். குழுவுக்கு வரும்போதே ஏழெட்டுச் சீட்டோடு வரும். குழுவைக் கடந்து, உறுப்பினர் தன் பெட்டியை வேறு பெட்டிக்குத் திருப்பியும் விட்டிருந்தால் 15 சுலபமாகத் தாண்டிவிடும்.

17 ஜனவரி, இரவு 11.05

ஒன்று கேட்க மறந்தேன். 'ரிப்ளை-டூ', அதாவது பதில் எங்கே போக வேண்டும் என்று சொல்லும் வரி, குழு முகவரிக்கே போகும்படி வைத்திருக்கிறீர்களா?

18 ஜனவரி, காலை 7.20

'ஆமாம், இல்லாவிட்டால் பெரியவர்கள் அனுப்பியவருக்கு மட்டும் பதில் எழுதிவிட்டு, குழுவில் ஏன் யாரும் பேசுவதில்லை என்று கேட்கிறார்கள்' என்று எழுதியிருக்கிறீர்கள். நியாயமான காரணம். என் குழுவிலும் இதே காரணத்துக்காகத்தான் அப்படி வைத்திருக்கிறேன். மாற்றச் சொல்ல மாட்டேன்.

ஆனால் விளைவு தெரிந்திருக்க வேண்டும். ஒரு மடலுக்கு இரண்டு அனுப்புநர் முகவரி. ஒன்று உள்ளே காகிதத்தில் எழுதியிருப்பது, நம் கண்ணுக்குத் தெரிவது. இன்னொன்று உறை மேல் எழுதியிருப்பது, தபால்காரருக்கு. உறை முகவரி கடைசியில் 'ரிட்டர்ன்-பாத்' என்ற வரியாகப் பதியும். குழு மென்பொருள் மடலைப் பரப்பும்போது இந்த உறை முகவரியைக் குழுப் பொறுப்பாளரின் பெட்டிக்கு மாற்றியாக வேண்டும். இதுவும் 5321 சொல்வதுதான். ஒழுங்கான தானியங்கி பதில் உறை முகவரிக்குத்தான் போகும், 2004-இல் வந்த ஆர்எஃப்சி 3834 இதைத் தெளிவாகச் சொல்கிறது. அப்படிப் போனால் பொறுப்பாளர் பெட்டியில் விழுந்து அடங்கிவிடும். உங்கள் ஓசூர்க்காரர்கள் இருவருக்கும் பதில் அனுப்பிய நிரல் உறையைப் பார்க்காமல் ரிப்ளை-டூவைப் பார்த்திருக்கிறது. குழு அதை வாங்கி 112 பேருக்கும் கொடுத்தது, அந்த 112-இல் இன்னொருவரும் உண்டு.

அடுத்தவர் நிரலை நாம் திருத்த முடியாது. குழு மென்பொருள்தான் வாசலில் நின்று பார்க்க வேண்டும். மடல் தானாகப் போனதா என்று சொல்லும் 'ஆட்டோ-சப்மிட்டட்' என்ற வரி இருந்து, அதில் 'நோ' என்பதைத் தவிர வேறு எது இருந்தாலும் குழுவுக்குள் விடாதீர்கள். அதோடு தீர்ந்துவிடும்.

18 ஜனவரி, இரவு 9.50

காலையில் 'தீர்ந்துவிடும்' என்று எழுதிவிட்டேன், நாள் முழுக்க அது உறுத்திக்கொண்டிருந்தது. 2009-இல் எனக்கு நடந்ததில் தானியங்கி பதிலே கிடையாது. அதைச் சொல்லாமல் விட்டால் பாதிக் கதைதான்.

எங்கள் குழு நடுகற்களைப் பற்றியது. தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்திலும் ஏரிக்கரை, புளியமரத்தடி, தோப்பு ஓரம் என்று எங்கே போனாலும் ஒரு கல் நிற்கும். பார்த்தவர் படம் எடுத்து, ஊர், கல்லின் உயரம், எழுத்து இருந்தால் படித்த வரை என்று அனுப்புவார். 2004 பிப்ரவரியில் மாவட்டம் பிரிந்தபோதும் குழு பிரியவில்லை. ஆனால் ஆள் கூடக்கூட ஞாயிற்றுக்கிழமைப் பயணப் பேச்சு அதிகமாகி, 2009-இல் தருமபுரிக்கு ஒன்று, கிருஷ்ணகிரிக்கு ஒன்று என்று பிரித்தோம். தருமபுரியில் 140 பேர், கிருஷ்ணகிரியில் 90. பங்காளிகளுக்குள் பேச்சு அறுந்துவிடக் கூடாது என்று, ஒவ்வொரு குழுவின் முகவரியையும் மற்றக் குழுவில் ஓர் உறுப்பினராகச் சேர்த்தது நான்தான்.

மென்பொருளும் நான் பெர்ல் என்ற நிரல் மொழியில் எழுதியது. காவேரிப்பட்டினத்தில் என் வீட்டு மாடியில் ஒரு கணினி. ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை பெட்டியைத் திறக்கும், வந்த மடலின் உடலை மட்டும் எடுக்கும், பழைய தலை வரிகளை எல்லாம் வெட்டும், புதிய மடலாகச் செய்து எல்லாருக்கும் அனுப்பும். படிக்கச் சுத்தமாக இருக்கும் என்று அப்படிச் செய்தேன்.

ஒரு சனிக்கிழமை இரவு 11 மணிக்கு அரூர் பக்கத்திலிருந்து ஒருவர் ஒரு கல்லின் படம் போட்டார், 1.8 எம்பி. தருமபுரிக் குழு அதை 140 பேருக்கு அனுப்பியது, அதில் ஒருவர் கிருஷ்ணகிரிக் குழு. கிருஷ்ணகிரி 90 பேருக்கு அனுப்பியது, அதில் ஒருவர் தருமபுரிக் குழு. இப்படியே விடியற்காலை 4 மணி வரை. ஐந்து நிமிடத்துக்கு ஒன்று என்றால் 60 தடவை, 6,900 மடல். தாவல் வரம்பு ஏன் பிடிக்கவில்லை? சீட்டுகளைத்தான் ஒவ்வொரு சுற்றிலும் நான் கிழித்துப் போட்டுவிட்டேனே.

4 மணிக்கு நின்றதும் நான் நிறுத்தியதால் இல்லை, கரன்ட் போனதால். யூபிஎஸ் கொஞ்ச நேரம் தாங்கி அணைந்தது. 6 மணிக்குக் கரன்ட் வந்ததும் கணினி எழுந்து, பெட்டியில் காத்திருந்த மடலை எடுத்து, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது. ஆறரைக்குப் பென்னாகரத்திலிருந்து ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் போன் செய்தார். 'என்னப்பா, ஒரே கல்லை ராத்திரி முழுக்க அனுப்பியிருக்கிறாய்?'

அவருக்கு அப்போது டேட்டா கார்டுதான். 30 பிரதி, ஒவ்வொன்றும் 1.8 எம்பி. மாதக் கணக்கில் பாதிக்கு மேல் ஒரே இரவில் போய்விட்டது. அடுத்த வாரம் நேரில் போய் மன்னிப்புக் கேட்டேன். காசு வாங்க மறுத்துவிட்டார். சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னார். அந்த இரவுக்கு மறுநாளே, நான் மடல் அனுப்பப் பயன்படுத்திய சேவையில் என் கணக்கை முடக்கிவிட்டார்கள், அதைத் திரும்பத் திறக்க ஒன்பது நாள் ஆயிற்று. இன்றைக்கும் புதிதாக ஒரு நிரல் எழுதி ஓடவிட்டால் அன்று இரவு எனக்குச் சரியாகத் தூக்கம் வருவதில்லை.

19 ஜனவரி, காலை 6.40

'சீட்டைக் கிழிக்காமல் இருந்திருந்தால் 50-இல் நின்றிருக்குமே' என்று கேட்கிறீர்கள். நின்றிருக்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு முழுச் சுற்றுக்கு நான்கு சீட்டு சேர்கிறது என்று வைத்துக்கொள்வோம். 50-ஐத் தொடப் பன்னிரண்டு சுற்று. ஒரு சுற்றுக்கு 140-உம் 90-உமாக 230 மடல். 2,760 மடல் போன பிறகு நிற்கும். அதற்குள் எல்லாரும் எழுந்துவிடுவார்கள்.

தாவல் வரம்பு ஒன்றிலிருந்து ஒன்றுக்குப் போகும் மடலுக்காக வைத்தது. ஒருவர் வீட்டுப் பெட்டியை ஆபீஸுக்கும் ஆபீஸ் பெட்டியை வீட்டுக்கும் திருப்பி விட்டால் ஒரே பிரதிதான் சுற்றும், 50 சீட்டு சேர்ந்ததும் நின்றால் நஷ்டமில்லை. அதையும் போஸ்ட்ஃபிக்ஸ் 'டெலிவர்ட்-டூ' வரியைப் பார்த்து முதல் சுற்றிலேயே பிடித்துவிடும். இந்தப் பெட்டியில் இந்த மடலை ஏற்கனவே போட்டாயிற்று என்று அந்த வரி சொல்லும். குழு என்பது ஒன்றை நூறாக்கும் இடம். அங்கே இரண்டாவது சுற்றே கூடாது.

அதற்கு வழி மாங்காய் மண்டியில் இருக்கிறது. மண்டிக் கிரேட்டில் ஒவ்வொரு மண்டிக்காரரும் தன் எழுத்தைப் பெயின்டில் போட்டு வைப்பார். எந்த லாரியில் ஏறி எந்தத் தோப்பு சுற்றி வந்தாலும் இது நம்ம கிரேட் என்று தெரிந்துவிடும். குழுவும் தான் அனுப்பும் ஒவ்வொரு மடலிலும் தன் எழுத்தைப் போட வேண்டும், உள்ளே வரும் ஒவ்வொரு மடலிலும் தன் எழுத்து இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இருந்தால் அது ஏற்கனவே இங்கிருந்து போனது. 'லிஸ்ட்-ஐடி' என்ற வரி இதற்குப் பொருத்தம், 2001-இல் ஆர்எஃப்சி 2919 கொடுத்தது.

19 ஜனவரி, இரவு 8.30

தமிழில் குழு நடத்துபவர்கள் எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று. அந்த 2009 நிரலில் ஒரு காவல் இருந்தது. மடலின் சப்ஜெக்டில் 'நடுகல்' என்ற முன்னொட்டு ஏற்கனவே இருந்தால் மறுபடி சேர்க்காதே, அது மூன்று தடவை இருந்தால் அனுப்பாதே என்று எழுதியிருந்தேன். ஆங்கில எழுத்தில் வைத்துச் சோதித்தபோது சரியாக வேலை செய்தது. தமிழுக்கு மாற்றிய பிறகு ஒரு தடவைகூடப் பிடிக்கவில்லை. கடைசி மடலின் சப்ஜெக்டில் அந்த ஒரு சொல் அறுபது தடவை வரிசையாக நின்றது.

காரணம் சாதாரணம். தமிழ் சப்ஜெக்ட் மடலில் தமிழாகப் போவதில்லை. ஆர்எஃப்சி 2047 முறைப்படி, ஆங்கில எழுத்தும் எண்ணும் கலந்த சங்கேதமாக மாறிப் போகும். என் நிரல் அந்தச் சங்கேதத்துக்குள் 'நடுகல்' என்ற சொல்லைத் தேடிக்கொண்டிருந்தது. சப்ஜெக்டை முதலில் பிரித்துத் தமிழாக்கிவிட்டுத்தான் ஒப்பிட வேண்டும். 'அவுட் ஆஃப் ஆபீஸ்' மாதிரி சொற்களைச் சப்ஜெக்டில் தேடி நிறுத்தும் வடிகட்டிகள் நம் ஊரில் உதவாததற்கும் இது ஒரு காரணம். இன்னொரு காரணம், நம் ஆட்கள் 'ஊரில் இல்லை', 'விடுப்பு', 'பொங்கலுக்குப் போகிறேன்' என்று அவரவர் வார்த்தையில் எழுதுவார்கள்.

20 ஜனவரி, இரவு 10.00

18-ஆம் தேதி காலையில் 'ஆட்டோ-சப்மிட்டட்' பற்றிச் சொன்னதைத் திருத்துகிறேன், இரண்டு பக்கமும்.

ஒன்று, எல்லாவற்றையும் தடுப்பது தவறு. நான் பார்த்துக்கொள்ளும் இன்னொரு குழு தோப்புக்காரர்களுக்கானது. அதில் ஒருவர் கே.ஆர்.பி. அணையின் நீர்மட்டத்தைத் தினமும் காலை எட்டு மணிக்கு ஒரு நிரல் மூலம் அனுப்புகிறார். நேர்மையாக 'ஆட்டோ-ஜெனரேட்டட்' என்று போட்டு அனுப்புகிறார். உங்களிடம் சொன்ன அதே விதியை அங்கே போட்டதும் நீர்மட்டம் வரவில்லை, காலையிலேயே மூன்று பேர் போன் செய்துவிட்டார்கள். தானாக உருவான மடல் வேறு, தானாகப் பதில் சொன்ன மடல் வேறு. 'ஆட்டோ-ரிப்ளைட்' என்றால் குழுவுக்குள் ஒருபோதும் வேண்டாம். 'ஆட்டோ-ஜெனரேட்டட்' என்றால் தெரிந்த முகவரியிலிருந்து மட்டும்.

இரண்டு, அந்த வரியைப் போடாமலே பதில் அனுப்பும் நிரல்கள் நிறைய. உங்கள் ஓசூர்க்காரர்களின் மடல் ஒன்றைத் திறந்து தலை வரிகளைப் பாருங்கள். பெரும்பாலும் வேறு ஏதாவது அடையாளம் இருக்கும்: 'பிரிசிடென்ஸ்' வரியில் 'பல்க்' அல்லது 'ஜங்க்', அல்லது உறை முகவரி வெறுமையாக. இதில் எது இருந்தாலும் மட்டுறுத்துநரிடம், அதாவது மடலைப் பார்த்து அனுமதிப்பவரிடம், நிறுத்தி வையுங்கள். அழிக்க வேண்டாம்.

நன்றாக எழுதிய நிரல் எப்படி இருக்கும் என்பதற்கு யூனிக்ஸின் பழைய 'வெகேஷன்' நிரலைப் பார்க்க வேண்டும். சென்ட்மெயிலை எழுதிய எரிக் ஆல்மன்தான் இதையும் எழுதினார். மடலின் பெறுநர் வரியிலோ நகல் வரியிலோ உங்கள் முகவரி நேரடியாக இல்லாவிட்டால் பதில் சொல்லாது. 'பல்க்', 'ஜங்க்' என்று போட்ட மடலுக்குப் பதில் சொல்லாது. அப்புறம் மொய் நோட்டு மாதிரி ஒரு கணக்கு வைத்திருக்கும். யாருக்குப் பதில் போட்டாயிற்று என்று எழுதிக்கொண்டு, அதே ஆளுக்கு ஒரு வாரத்துக்குள் இரண்டாவது தடவை அனுப்பாது. இந்த மூன்றில் ஒன்று அந்த இருவரில் ஒருவரிடமாவது இருந்திருந்தால் போகி அன்று அந்த 340 வந்திருக்காது.

நம் பக்கம் செய்ய வேண்டியதும் இதில் இருக்கிறது. குழுவிலிருந்து போகும் மடல்களில் 'பிரிசிடென்ஸ்' வரியில் 'பல்க்' என்று போடுகிறீர்களா என்று பாருங்கள்.

21 ஜனவரி, மதியம் 2.10

கேள்வி கேட்டவர் என்னையே திருத்தியிருக்கிறார், சரியாகவே. லிஸ்ட்-ஐடி ஒரு மடலில் ஒன்றுதான் இருக்கலாம். தருமபுரி போட்ட லிஸ்ட்-ஐடியை கிருஷ்ணகிரிக் குழு எடுத்துவிட்டுத் தன்னுடையதைப் போடும். மடல் தருமபுரிக்குத் திரும்பி வரும்போது அதில் கிருஷ்ணகிரி எழுத்துதான் இருக்கும், தருமபுரி எழுத்து அழிந்திருக்கும். ஒரு குழு தன்னிடமே திரும்பி வரும் மடலைப் பிடிக்க அது போதும், இரண்டு குழு ஒன்றுக்கொன்று கொடுத்து வாங்கும் லூப்புக்கு அது போதாது. கிரேட்டின் மேல் அடுத்த மண்டிக்காரர் பெயின்ட் அடித்துவிட்டார்.

ஆகவே அழியாமல் அடுக்கிக்கொண்டே போகும் குறி வேண்டும். மெயில்மேன் என்ற குழு மென்பொருளின் 2-ஆம் பதிப்பில் 'எக்ஸ்-பீன்தேர்' என்று ஒரு வரி உண்டு. மடல் எந்தெந்தக் குழு வழியாக வந்ததோ ஒவ்வொன்றும் தனக்கென ஒரு வரி சேர்க்கும், பழையதைத் தொடாது. தன் பெயர் அதில் இருந்தால் அந்தக் குழு மடலைப் பரப்பாது. மெயில்மேன் 3, 'லிஸ்ட்-போஸ்ட்' வரியில் தன் முகவரியே இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் மடலை விட்டுவிடும். டேன் பெர்ன்ஸ்டைன் எழுதிய இஇசட்எம்எல்எம் என்ற குழு மென்பொருள் இன்னும் கறார். 'மெயிலிங்-லிஸ்ட்' என்ற வரி இருந்தாலே, எந்தக் குழுவுடையதாக இருந்தாலும், வாங்காது. இரண்டு குழுவை இணைக்க விரும்பாதவர்களுக்கு அந்தக் கறார் நல்லது.

சொந்த நிரல் எழுதுபவர்களுக்கு என் வேண்டுகோள்: தெரியாத தலை வரியை வெட்டாதீர்கள். நீங்கள் குப்பை என்று நினைக்கும் வரி அடுத்த குழுவின் எழுத்தாக இருக்கலாம்.

21 ஜனவரி, இரவு 9.15

இணையத்துக்கு இது பழைய நோய் என்பதற்கு ஒரு தகவல். 1993 மார்ச் 31 அன்று, யூஸ்நெட் என்ற பழைய இணைய விவாதக் குழுக்களின் வலையில் ஏஆர்எம்எம் என்ற நிரலை ஒருவர் ஓடவிட்டார். தேவையில்லாத செய்திகளை நீக்குவது அதன் வேலை. பிழை காரணமாக அது தான் போட்ட செய்தியையே பார்த்து அதற்கு மேல் ஒன்று போட, அதைப் பார்த்து இன்னொன்று போட, ஒரே குழுவில் சுமார் 200 செய்திகள் குவிந்தன. ஸ்பாம் என்ற சொல்லை யூஸ்நெட்டில் இப்படிப்பட்ட வெள்ளத்துக்குப் பயன்படுத்தத் தொடங்கியது அந்தச் சமயத்தில்தான். தன் குரலைத் தானே அடையாளம் தெரியாமல் பதில் சொன்ன நிரல் அது.

22 ஜனவரி, காலை 11.00

ஞாயிறு. சந்தூர் பக்கம் போய் வந்தேன், மாமரங்களில் பூ நன்றாக வந்திருக்கிறது. வழியில் ஒரு கல் பார்த்தேன், வீரன் கையில் வில், பக்கத்தில் நாய். படம் குழுவில் போட்டிருக்கிறேன், ஒரே ஒரு தடவைதான் வந்திருக்கும்.

வாட்ஸ்அப் இருக்கும்போது மடற்குழு எதற்கு என்று ஒருவர் கேட்டிருக்கிறார். 2006-இல் ஒருவர் அளந்து எழுதிய கல்லின் உயரத்தை இன்று தேடினால் மடலில் கிடைக்கிறது. அந்தக் கல் இப்போது அந்த இடத்தில் இல்லை. அதனால்தான்.

22 ஜனவரி, இரவு 8.45

தானியங்கி பதில்கள் பொறுப்பாளர் பெட்டிக்கு வந்து அடங்கிவிடும் என்று 18-ஆம் தேதி எழுதியதில் ஒரு பள்ளம் இருக்கிறது. நானே அதில் விழுந்திருக்கிறேன். அந்தப் பெட்டிக்குத்தான் முகவரி இல்லை, பெட்டி நிறைந்துவிட்டது என்று திரும்பும் மடல்களும் வரும். அவற்றை எண்ணி, ஒருவருக்கு ஐந்து தடவை திரும்பினால் அவரை நிறுத்தி வைக்க ஒரு நிரல் எழுதியிருந்தேன். ஒரு பொங்கலில் மூன்று உறுப்பினர் நின்றுபோனார்கள். அவர்கள் பெட்டியில் கோளாறே இல்லை, விடுமுறையில் இருந்தார்கள், அவ்வளவுதான். அவர்கள் நிரல் விதிப்படி நடந்தது, தண்டனை கிடைத்தது அவர்களுக்கு. உண்மையாகத் திரும்பிய மடலில் ஆர்எஃப்சி 3464 சொல்கிற 'டெலிவரி-ஸ்டேட்டஸ்' பகுதி இருக்கிறதா என்று பார்த்த பிறகே இப்போது எண்ணுகிறேன்.

24 ஜனவரி, இரவு 10.30

எல்லாவற்றிலும் மோசமான லூப் குழுவுக்குள் வரவே இல்லை. அதனால் எனக்கு மூன்று நாள் தெரியவே தெரியாது.

எங்கள் உறுப்பினர் ஒருவர் ஒரு நிறுவனத்தின் சேவைப் பெட்டிக்குப் புகார் எழுதும்போது குழு முகவரியையும் நகலில் தவறாகச் சேர்த்துவிட்டார். அந்தச் சேவைப் பெட்டி எல்லாருக்கும் 'உங்கள் புகார் பதிவாகிவிட்டது, எண் இது' என்று பதில் போட்டது. அது உறுப்பினர் இல்லை என்பதால் என் மென்பொருள் மடலை நிறுத்தி வைத்து, 'நீங்கள் உறுப்பினர் இல்லை, மட்டுறுத்துநர் பார்ப்பார்' என்று மரியாதையாக ஒரு பதில் அனுப்பியது. சேவைப் பெட்டி அதைப் புதிய புகாராக எடுத்துப் புதிய எண் கொடுத்தது. என் மென்பொருள் அதற்கும் மரியாதையாகப் பதில் சொன்னது. வெள்ளி மாலை தொடங்கி திங்கள் காலை அங்கிருந்து ஓர் அம்மா போன் செய்யும்வரை 412 புகார் எண்கள். 'சார், உங்க கம்ப்ளெய்ன்ட் என்னங்க சார்?' என்று கேட்டார். அவருடைய திங்கட்கிழமை முழுதும் அதைத் துடைப்பதில் போயிருக்கும்.

இங்கே குறியும் இல்லை, ஒவ்வொரு மடலுக்கும் எண் வேறு, உடல் வேறு. தப்பு என் மென்பொருளின் வாயில். குழு மென்பொருள் தானாகச் சொல்லும் எதுவும், 'வரவேற்கிறோம்', 'நிறுத்தி வைத்தோம்', 'கட்டளை புரியவில்லை', எல்லாமே தானியங்கி பதில்தான். நாம் அடுத்தவரிடம் எதிர்பார்க்கும் ஒழுங்கு அதற்கும் பொருந்தும். உறை முகவரியை வெறுமையாக வைக்க வேண்டும், 'ஆட்டோ-ரிப்ளைட்' என்று போட வேண்டும், ஒரு முகவரிக்கு ஒரு நாளைக்கு இத்தனைதான் என்று அளவும் வேண்டும். மெயில்மேனில் அந்த அளவு 10 என்று வரும். நான் 2 ஆக்கினேன்.

அப்புறம் அதையும் விட்டேன். உறுப்பினர் அல்லாதவருக்குப் பதிலே அனுப்புவதில்லை, நிறுத்தி வைத்து நானே பார்க்கிறேன். பதில் சொல்லாமல் இருப்பது மரியாதைக் குறைவு என்று ரொம்ப நாள் நினைத்திருந்தேன். ஆனால் ஸ்பாம் மடல்களில் அனுப்புநர் முகவரி பெரும்பாலும் பொய். என் மரியாதையான பதில்கள் சம்பந்தமே இல்லாத யாரோ ஒருவர் பெட்டியைத்தான் நிரப்பிக்கொண்டிருந்தன.

26 ஜனவரி, மாலை 5.00

'மணிக்கு இத்தனை மடல் என்று ஒரு வரம்பு போட்டுவிட்டால் எல்லா லூப்பும் நிற்காதா?' என்று கேள்வி.

வேண்டும், ஆனால் கடைசிக் காவலாக. மோட்டார் ரூமில் பியூஸ் கட்டை இருப்பது மாதிரி. வயரிங் சரியில்லாத வீட்டில் பியூஸ் அடிக்கடி போகும், அவ்வளவுதான்.

2022 மே மாதம் மயிலாடும்பாறை அகழாய்வு பற்றிய அறிவிப்பு வந்தது நினைவிருக்கும். நம் கிருஷ்ணகிரி மாவட்டத்து மண்ணில் 4,200 ஆண்டுகளுக்கு முன்பே இரும்பு இருந்தது என்று கணக்கிட்டுச் சொன்னார்கள், கி.மு. 2172. குழுவில் அன்று எல்லாரும் எழுதினார்கள். ஆறு மாதமாகப் பேசாதவர்கள் எழுதினார்கள். நான் மணிக்கு 40 என்று வரம்பு வைத்திருந்தேன், 41-ஆவதிலிருந்து எல்லாம் நின்றது. அன்று பேசாமல் என்று பேசுவது? நல்ல வேளையாக அழிக்கவில்லை, நிறுத்தித்தான் வைத்திருந்தது. நான் பார்த்து ஒவ்வொன்றாக விட்டேன்.

அன்று இன்னொன்றும் கவனித்தேன். ஒரே மடல் மறுபடி வருகிறதா என்று பார்க்க, மடலின் உடலில் இடைவெளி, மேற்கோள் குறி, அடிக்குறிப்பு எல்லாம் நீக்கிவிட்டு மீதியிலிருந்து கைரேகை மாதிரி ஒரு சுருக்கக் குறியீடு எடுத்து ஏழு நாள் வைத்திருப்பேன். ஒவ்வொரு மடலுக்கும் உள்ள தனி அடையாள எண்ணான மெசேஜ்-ஐடியை வழியில் மாற்றிவிடும் சர்வர்கள் உண்டு, அவற்றுக்காக. அன்று 11 பேர் 'மகிழ்ச்சி' என்ற ஒரே சொல்லை அனுப்பியிருந்தார்கள். முதல் ஆளின் மகிழ்ச்சி போனது, மற்றப் பத்தும் 'திரும்பி வந்த மடல்' என்று நின்றுவிட்டது. இப்போது கைரேகையில் அனுப்பியவர் முகவரியையும் சேர்க்கிறேன்.

மனிதர்கள் கிளப்பும் வெள்ளம் வேறு வகை. 2016 நவம்பரில் பிரிட்டனின் அரசு மருத்துவச் சேவையான என்எச்எஸ்ஸில் ஒரு சோதனை மடல் எட்டு லட்சத்துக்கும் மேற்பட்ட ஊழியர்களுக்குப் போய், 'என்னை நீக்குங்கள்' என்று எல்லாருக்கும் எல்லாரும் எழுதி, அமைப்பே திணறியது. அதற்கு மருந்து குறியோ கைரேகையோ இல்லை, யார் பெரிய பட்டியலுக்கு எழுதலாம் என்ற அனுமதி. லூப்பையும் இதையும் ஒரே விதியால் பிடிக்கப் பார்த்தால் இரண்டும் நழுவும்.

27 ஜனவரி, காலை 6.15

நிறுத்தி வைப்பது பற்றி ஒரு வரி. லூப் என்று தெரிந்த மடலை அனுப்பியவருக்குத் திருப்பாதீர்கள். திருப்பும் மடலும் சுற்றக்கூடும். தனி அடைவில் போட்டு, பொறுப்பாளருக்கு ஒரே ஒரு எஸ்எம்எஸ்.

29 ஜனவரி, இரவு 9.00

கேள்வி கேட்டவர் ஓசூர் மடல்களின் தலை வரிகளை அனுப்பியிருந்தார், முகவரிகளை மறைத்துவிட்டு. ஒருவருடையதில் 'ஆட்டோ-சப்மிட்டட்' இருக்கிறது. இருந்தும் ரிப்ளை-டூவுக்குப் பதில் போயிருக்கிறது, பாதி விதியைப் படித்த நிரல். இன்னொருவருடையதில் ஒரு அடையாளமும் இல்லை, உறை முகவரிகூட சாதாரண முகவரி. கையால் எழுதிய மடலுக்கும் அதற்கும் வித்தியாசமே தெரியவில்லை.

முதலாமவரை வாசலில் நிறுத்தினாலே வட்டம் அறுந்துவிடும். லூப்புக்கு இரண்டு பேர் வேண்டும். ஆனால் இரண்டாமவர் மாதிரி இன்னொருவர் குழுவில் சேர்ந்தால் மறுபடி வரும். அதற்கு ஒரே வழி, ஒரே அனுப்புநரிடமிருந்து பத்து நிமிடத்துக்குள் நான்காவது மடல் வந்தால் அவருடையதை மட்டும் நிறுத்துவது. குழு முழுவதற்கும் வைக்கும் வரம்பை விட ஆளுக்கு வைக்கும் வரம்பு நல்லது. மயிலாடும்பாறை அன்றுகூட யாரும் பத்து நிமிடத்துக்குள் நான்கு மடல் எழுதவில்லை, பழைய மடல்களை எடுத்துப் பார்த்துவிட்டேன்.

5 பிப்ரவரி, இரவு 11.40

தைப்பூச விடுமுறை. இவ்வளவு எழுதிவிட்டுச் சோதிக்காமல் இருக்கக் கூடாது என்று தோன்றியது. தனியாக ஒரு கணினியில் இரண்டு குழுக்களையும் நகல் எடுத்து, உறுப்பினர்களை நீக்கிவிட்டு, என் முகவரிகள் ஆறை மட்டும் வைத்தேன். 2009 மாதிரியே ஒன்றை மற்றொன்றில் உறுப்பினராகச் சேர்த்தேன். பாலக்கோட்டுத் தம்பியும் போனில் இருந்தார்.

இரவு 9.10-க்குச் சந்தூர்க் கல்லின் படத்தைத் தருமபுரிக்கு அனுப்பினேன். தருமபுரி பரப்பியது, கிருஷ்ணகிரி பரப்பியது, தருமபுரிக்குத் திரும்பி வந்த பிரதி தன் எழுத்தைப் பார்த்ததும் தனி அடைவுக்குப் போனது. எஸ்எம்எஸ் ஒன்று. பத்து மணி வரை உட்கார்ந்து பார்த்தோம், வேறு எதுவும் வரவில்லை. பிறகு அவர் தானியங்கி பதில் போடும் இரண்டு பெட்டிகளைச் சேர்த்தார், ஒன்று அடையாளத்தோடு, ஒன்று இல்லாமல். அடையாளம் உள்ளது வாசலிலேயே நின்றது. இல்லாதது ஒரு தடவை பரவி, எதிர்ப்பதில் கிடைக்காமல் அடங்கியது.

அடையாளம் இல்லாதவை இரண்டைச் சேர்த்தபோது மூன்று மூன்றாக ஆறு மடல் போய்விட்டு நின்றது. அந்த ஆறும் எனக்குப் பிடிக்கவில்லை. நான்கு என்பதை மூன்றாக்கினால் என்ன ஆகும் என்று நாளை பழைய மடல்களை வைத்துப் பார்க்கிறேன்.

6 பிப்ரவரி, காலை 7.05

மூன்று ஆக்கினால் பென்னாகரத்து ஐயா நின்றுவிடுவார். அவர் ஒரு கல்லின் நான்கு பக்கத்தையும் நான்கு மடலாக அடுத்தடுத்து அனுப்புவது வழக்கம், எண்பது வயதில் இன்னும் அப்படித்தான். நான்கே இருந்தாலும் கடைசிப் பக்கம் நின்றிருக்குமே என்று தேடினேன். ஒவ்வொரு மடலுக்கும் நடுவே நாலைந்து நிமிடம் எடுத்துக்கொள்கிறார், அதனால் நான்காவது பத்து நிமிடத்தைத் தாண்டித்தான் வருகிறது. நான்காகவே விட்டுவிட்டேன்.